இந்தானுக்குப் போகும் முன்: அரசாங்க அலுவலகப் பயிற்சி பற்றி வாசகர் கேள்வி–பதில்

குளுவாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, அரசாங்க அலுவலக வேலையையும் அதற்கான பயிற்சியையும் பற்றியவை. அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் தேசியப் பொது நிர்வாகக் கழகமான இந்தானின் தென் வட்டார வளாகம் குளுவாங்கிலேயே இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டி பஸ் ஏறுகிறவர்களுக்குக்கூட உள்ளே யார் படிக்கிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.

என் மகள் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். குளுவாங் இந்தானில் சேர்த்தால் அரசாங்க வேலை கிடைக்கும் என்கிறார் ஒருவர். 500 வெள்ளி கொடுத்தால் இடம் வாங்கித் தருவாராம். மனு பாரம் எங்கே கிடைக்கும்?
— ஒரு தாயார், ரெங்கம்

முதலில் அந்த 500 வெள்ளியைப் பத்திரமாக வையுங்கள். பள்ளியில் சேர்ந்து பிறகு வேலைக்குப் போகும் இடம் அல்ல அது. வேலை கிடைத்தவர்களை அவரவர் இலாகா அனுப்பி வைக்கும் இடம். வெளியார் பாரம் நிரப்பிச் சேரும் வழியே அதில் இல்லை. ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் விற்பதற்கு ஒன்றும் கிடையாது.

மகளுக்கு உண்மையான வழி பொதுச் சேவை ஆணையம், அதாவது எஸ்.பி.ஏ. அதன் இணையத்தளத்தில் பதிந்து, தகுதிக்கேற்ற வேலைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவுக்குக் காசு இல்லை. பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். கிராணி (எழுத்தர்) வேலைக்கு எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் அவசியம். வெறும் பாஸ் போதாது. கிரெடிட் இல்லையென்றால் முதலில் மறுதேர்வு எழுதட்டும். மற்ற பாடங்களில் எத்தனை ‘ஏ’ இருந்தாலும் இந்த ஒரு குறைக்காகப் பெயர் வடிகட்டியில் நின்றுவிடும்.

பதிவில் வழக்கமாக எங்கே கோளாறு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கைப்பேசி எண் மாறியிருக்கும், பதிவில் பழைய எண்ணே கிடக்கும். மின்னஞ்சலை யாரோ கடைக்காரர் திறந்து கொடுத்திருப்பார், கடவுச்சொல் அவரிடமே இருக்கும். தேர்வுக்கு அழைப்பு வந்ததே தெரியாமல் தேதி போய்விடும். பிறகு டிப்ளோமா முடித்திருப்பார்கள், அதைப் பதிவில் சேர்த்திருக்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை மகளே திறந்து பார்ப்பது நல்லது.

இன்னொன்று. எஸ்.பி.ஏ. மட்டுமே கதவு அல்ல. ஜொகூருக்கு என்று தனி மாநிலச் சேவையும் அதற்கான ஆணையமும் உண்டு. நகராண்மைக் கழகங்களும் சட்டபூர்வ வாரியங்களும் தாங்களே விளம்பரம் செய்து ஆள் எடுக்கின்றன. எஸ்.பி.ஏ.யில் பதிந்துவிட்டோம், எல்லாம் அதில் அடங்கிவிட்டது என்று காத்திருந்தால் இந்த வேலைகள் கண்ணில் படாமலே போகும்.

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் அரசாங்கத்தில். ஒருவன் பயிற்சிக்கு மலாக்கா போகிறான், ஒருவன் பேராக்கில் பெஹ்ராங் போகிறான், மருமகள் இங்கேயே குளுவாங்கில் படிக்கிறாள். எல்லாம் அரசாங்கம்தானே, ஏன் மூன்று இடம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலோ

மலாக்கா போகிறவர் சுங்கத்துறை, பெஹ்ராங் போகிறவர் நில அலுவலகம் அல்லது நில அளவை என்று ஊகிக்கிறோம். சுங்கத்துக்கு மலாக்காவில் அதன் சொந்த அகாடமி. நிலத்துக்கும் அளவைக்கும் தஞ்சோங் மாலிம் அருகே பெஹ்ராங்கில் இன்ஸ்துன் என்ற கழகம். கணக்குத் துறைக்கு சபாக் பெர்ணமில் ஒரு கழகம், தணிக்கைக்கு நீலாயில் ஓர் அகாடமி, தலைமையாசிரியர்களுக்கு பண்டார் என்ஸ்தெக்கில் அமினுடின் பாக்கி கழகம். இவை ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்கு உரியவை.

இந்தான் பொதுக்கூடம். கோப்பு, கடிதம், நடத்தை விதி, பண விதி, கூட்டம் நடத்துவது, ஆளை மேய்ப்பது என எந்த இலாகாவாக இருந்தாலும் வேண்டியவை அங்கே. சுகாதார இலாகா கிராணியும் மீன்வளத்துறை கிராணியும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிப்பது இதனால்தான். பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.வின் கீழ் அது இயங்குகிறது.

அதன் தொடக்கம் 1959இல் போர்ட்டிக்சனில் திறந்த ஊழியர் பயிற்சி மையம். 1966இல் வெளிவந்த மாண்ட்கோமரி–எஸ்மான் அறிக்கை, நிர்வாகத்துக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று வற்புறுத்தியது. 1972இல் இந்தான் என்ற பெயரில் கழகம் அமைந்தது, 1984இல் புக்கிட் கியாராவில் தலைமை வளாகம் வந்தது. வடக்கே சுங்கை பட்டாணி, கிழக்கே கெமாமான், தெற்கே நம் குளுவாங், பெட்டாலிங் ஜெயாவில் ஜாலான் எல்மு, கடல் தாண்டி சபாவிலும் சரவாக்கிலும் வளாகங்கள் உள்ளன. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த நம் ஊரிலும் ஒரு வளாகம் அமைந்ததில் நமக்கு ஒரு சின்னப் பெருமை இருக்கட்டும்.

நில அலுவலகத்தில் இருப்பவர் குளுவாங்குக்கு வரவே மாட்டார் என்று எண்ண வேண்டாம். பட்டா, நில வரி பற்றிப் படிக்க பெஹ்ராங். கோப்பும் கடிதமும் படிக்க இந்தான். ஒரே ஆள் இரண்டு இடமும் போவது வழக்கம்.

நியமனக் கடிதத்தில் ‘தகுதிகாண் காலம் 1 முதல் 3 ஆண்டு’ என்று இருக்கிறது. அது ஒரு சடங்குதானா? எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும்?
— புதிய கிராணி, சிம்பாங் ரெங்கம்

சடங்கு அல்ல. வேலை உறுதிப்பட நான்கு காரியம் கூடிவர வேண்டும்: குறைந்தபட்சக் காலம் முடிவது, அறிமுகப் பயிற்சிக்குப் போய் முடிப்பது, உங்கள் பணித்திட்டம் கேட்கும் தேர்வு இருந்தால் தேறுவது, இலாகாத் தலைவரின் பரிந்துரை. மூன்றாண்டுக்குள் ஏதாவது ஒன்று விடுபட்டால் நீட்டிப்பு கேட்க வேண்டி வரும், சம்பள உயர்வும் பணிமூப்பும் அடிபடலாம். பெரும்பாலும் விடுபடுவது தேர்வு அல்ல, பயிற்சி. ‘கூப்பிடுவார்கள்’ என்று இவர் காத்திருப்பார். ‘கேட்டால் அனுப்பலாம்’ என்று அலுவலகம் காத்திருக்கும். வேலையில் சேர்ந்த சில மாதங்களுக்குள் பணியாளர் பிரிவுக்குப் போய், உங்கள் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

படிக்க வேண்டியது பெரிந்தா அம், அதாவது பொது ஆணைகள். ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு அதிகாரங்கள். நியமனமும் பதவி உயர்வும், அலவன்ஸ், விடுப்பு, நடத்தையும் ஒழுங்கு நடவடிக்கையும், வீடும் அலுவலகக் கட்டடமும், மருத்துவம், வேலை நேரமும் மிகைநேரமும் என்ற வரிசை. ஏழையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ‘சி’, ‘டி’, ‘ஜி’ மூன்றும் தினம் கையில் புழங்கும், அவற்றை வரி வரியாகப் படியுங்கள்.

‘டி’ என்பது 1993ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிகள். அதில் தோட்டப்புறப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: வெளிவேலை. வார இறுதியில் காப்புறுதி விற்பது, கிராப் ஓட்டுவது, நேரடி விற்பனையில் பெயர் போடுவது எல்லாவற்றுக்கும் இலாகாத் தலைவரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். ‘சனிக்கிழமைதானே’ என்பது பதில் ஆகாது. அதே விதிகளில் இன்னொன்று: விடுப்பு இல்லாமல் தொடர்ந்து 7 வேலைநாள் வராமல், ஆளும் எங்கே என்று தெரியாமல் போனால், பதிவுத் தபாலில் தொடங்கி அரசிதழ் அறிவிப்பு வரை போய், வேலை போனதாகவே கருதும் நடைமுறை இருக்கிறது.

புத்தகம் பார்த்து எழுதும் தாள் என்றால் நிம்மதி அடையாதீர்கள். நேரம் பக்கத்தைத் தேடுவதில்தான் கரைகிறது. ஒவ்வொரு அதிகாரத்துக்கும் ஒரு நிறத் துண்டுச்சீட்டு ஒட்டி, அதில் அதிகாரப் பெயரை எழுதாமல் ‘அவசர விடுப்பு’, ‘மிகைநேரம்’, ‘கடன் சுமை’ என்று கேள்வியில் வரக்கூடிய சொல்லை எழுதி வையுங்கள்.

மூத்தவர்கள் தரும் ஜெராக்ஸ் குறிப்புகளில் மட்டும் கவனம். பழைய சர்குலர்கள் பல இப்போது மைபிபிஎஸ்எம் என்ற மனிதவளச் சுற்றறிக்கைத் தொகுப்புக்குள் போய்விட்டன. தரநிலைகளும் 2024 டிசம்பர் 1இல் வந்த புதிய சம்பள முறையில் மாறின. பழைய என்19 இப்போது என்1, என்29 என்5, என்41 என்9. குறிப்பில் என்19 என்று இருந்தால், அந்தக் குறிப்பின் வயது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

முப்பது வருஷம் எஸ்டேட் கிராணியாக இருந்தவன் நான். தொழிலாளர் பேரும் கூலியும் ஏறும் செக்ரோல் எழுதியவனுக்கு கோப்பு எழுதத் தெரியாதா? ஃபைலில் காகிதம் கோக்க என் மகனுக்கு எதற்கு வகுப்பு?
— லயாங்-லயாங்

செக்ரோல் எழுதியவருக்கு இது பாதி தெரிந்த வித்தைதான். பிழையை அழிக்காமல் ஒரு கோடு போட்டு வெட்டி, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் கையொப்பச் சுருக்கம் வைப்பீர்கள் அல்லவா? அரசாங்கக் கணக்குப் புத்தகத்திலும் அதேதான். வெள்ளை மை தொட்டால் தணிக்கையில் மாட்டும்.

மீதிப் பாதிதான் வகுப்பு. செக்ரோல் ஒரு மாதத்தின் கணக்கு. கோப்பு ஒரு விஷயத்தின் வாழ்க்கை வரலாறு. எழுதியவர் மாற்றலாகிப் போன பிறகு, ஏழு வருஷம் கழித்து வரும் வேறொருவர், யாரையும் கேட்காமல் முழுக்கதையும் அதிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இத்தனை கட்டுப்பாடு.

கோப்பைத் திறந்தால் வலப்பக்கம் கடிதங்கள், பழையது அடியில், புதியது மேலே. இடப்பக்கம் கெர்தாஸ் மினிட் என்னும் குறிப்புத் தாள். கோப்பில் சேரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் மேல் வலது மூலையில் வட்டமிட்டு ஒரு கண்டுங்கான் எண், அதாவது உள்ளடக்க வரிசை எண். வந்த கடிதத்துக்குச் சிவப்பு மை, நாம் அனுப்பிய கடிதத்தின் நகலுக்கு நீலம் அல்லது கறுப்பு. குறிப்புத் தாளிலும் அதே எண், அதே நிறத்தில், யாரிடமிருந்து, எந்தத் தேதி என்று ஏறும். தாளைத் தூரத்திலிருந்து பார்த்தாலே சிவப்புக்குப் பின் நீலம் வந்திருக்கிறதா, பதில் போகாமல் சிவப்பே வரிசையாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

அதிகாரிக்குக் குறிப்பு எழுதும்போது கதை வேண்டாம். ‘கண்டுங்கான் 12 பார்வைக்கு. மனுதாரர் மூன்று மாதத் தவணை கேட்கிறார். இதே வேண்டுகோள் கண்டுங்கான் 7இல் நிராகரிக்கப்பட்டுள்ளது. தங்கள் முடிவுக்கு’ என்ற அளவு, மலாயில். கையொப்பம், தேதி. கண்டுங்கான் 7ஐ நினைவூட்டிய அந்த ஒரு வரிக்காகத்தான் அதிகாரி உங்கள் மகனைத் தேடுவார்.

நூறு கண்டுங்கான் சேர்ந்தாலோ தடிமன் 4 சென்டிமீட்டரைத் தொட்டாலோ அந்த ஜிலிட்டை, அதாவது கோப்பின் அந்தப் பாகத்தை, மூடி அடுத்ததைத் திறக்க வேண்டும். மூடியதில் தேதியையும் ‘தொடர்ச்சி ஜிலிட் 2’ என்றும் எழுத வேண்டும். இதைச் செய்யாமல் திணித்துக்கொண்டே போனால் துளை கிழிந்து அடியிலுள்ள பழைய கடிதங்கள் முதலில் உதிரும். வழக்கு வந்தால் தேடப்படுவதும் அந்தப் பழைய கடிதங்கள்தான்.

கோப்பு எண்ணுக்கும் அர்த்தம் உண்டு. 100 என்று தொடங்கினால் நிர்வாகம், 200 நிலமும் கட்டடமும், 300 சொத்து, 400 நிதி, 500 பணியாளர். 600க்கு மேல் அந்தந்த இலாகாவின் சொந்த வேலை. எங்கே வைப்பது என்று தெரியாத காகிதத்தை எல்லாம் ‘அம்’ என்ற பொதுக் கோப்பில் தள்ளுவது நம் அலுவலகங்களின் தீராத நோய். தள்ளியவருக்குத் தவிர வேறு யாருக்கும் அது பிறகு கிடைக்காது. கோப்பு அதிகாரி மேசையில் இருக்கிறதே என்று ‘தற்காலிகக் கோப்பு’ திறப்பது அடுத்த நோய். திறப்பதில் தப்பில்லை. மூலக் கோப்பு திரும்பியதும் அதில் சேர்த்து எண்ணிடாமல் விடுவதுதான் தப்பு. ஒரே விஷயத்தில் இரண்டு கோப்பு வளர்ந்து, இரண்டு விதமான பதில் போய்விடும்.

உறையின் நிறமும் தெரிந்திருக்க வேண்டும். சூலிட் (அந்தரங்கம்) என்றால் பச்சை. ரஹ்சியா (இரகசியம்) இளஞ்சிவப்பு, ரஹ்சியா பெசார் (பெரும் இரகசியம்) மஞ்சள், இரண்டிலும் சிவப்புக் குறுக்குக்கோடு. உள்ளே இருக்கும் காகிதங்களில் எது உயர்ந்த தரமோ அதுவே கோப்பின் தரம். ஒரே ஒரு சூலிட் கடிதத்தைத் திறந்த கோப்பில் கோத்தாலும் மீறல் மீறல்தான். அதனால்தான் வேலையில் சேரும் நாளன்று 1972ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகிறார்கள், விலகும் நாளன்றும் வாங்குகிறார்கள்.

அலமாரி நிறைந்துவிட்டது என்று பழைய கோப்புகளை எரிப்பதோ பழைய காகிதக்காரருக்குப் போடுவதோ கூடாது. 2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, தலைமை இயக்குநரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பொது ஆவணம் எதையும் அழிக்க முடியாது. தோட்டத்தில் செக்ரோலை ஸ்டோருக்குப் பின்னால் எரித்த பழக்கத்தை மகனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது எல்லாம் கணினியில். மின்னியல் கோப்பு முறையான டி.டி.எம்.எஸ். இருக்கும்போது சிவப்பு மை, நீல மை எதற்கு?
— குளுவாங்

டி.டி.எம்.எஸ்.இல் கண்டுங்கான் எண்ணைக் கணினியே போடும், அது வசதி. ஆனால் எந்தக் கோப்பில் போடுவது என்று தீர்மானிப்பது மனிதர். காகித வகைப்பாடு புரியாதவர் கணினியிலும் ‘அம்’ கோப்பில்தான் போடுவார். மேலதிகாரி வாட்ஸ்அப்பில் ‘ஓகே, ப்ரொசீட்’ என்று அனுப்பிய ஒப்புதல் கைப்பேசியோடு நின்றுவிடுவதுதான் இன்றைய பெரிய ஓட்டை. அதைத் தேதியோடு படமெடுத்து கோப்பில் ஏற்றுங்கள். கையில் இருப்பது காகிதக் கோப்பு என்றால் அச்சிட்டு எண்ணிடுங்கள். கைப்பேசி கிணற்றில் விழுந்தாலும் ஒப்புதல் மிஞ்சும்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவள். மலாய் பேசுவேன், ஆனால் அலுவலகக் கடிதம் எழுதினால் சிவப்பாகத் திருத்தி வருகிறது. பயிற்சியில் கடிதப் பாடம் இருக்கிறதாம், பயமாக இருக்கிறது.
— இளம் வாசகி, கஹாங்

பயப்பட வேண்டியது இலக்கணத்துக்கு அல்ல, பழக்கத்துக்கு. கடைத்தெரு மலாய் நாக்கில் இருக்கும்போது கை அதையே எழுதும். ‘பாசால்’ என்று வாயில் வரும் இடத்தில் ‘பெர்ஹுபோங் டெங்கான்’ எழுதுங்கள். ‘தாக் போலே’ என்பது கடிதத்தில் ‘தீடாக் டாபாட் டிபெர்திம்பாங்கான்’ ஆகும். ‘பாகி’ என்று கொடுப்பதைச் சொல்லாதீர்கள், ‘மெம்பெரி’ என்று எழுதுங்கள்.

திருத்துகிறவர் கண் முதலில் போகும் இடங்கள் நான்கு. ‘டி’ இடத்தைக் குறித்தால் பிரித்து எழுத வேண்டும், ‘டி பெஜாபாட்’ போல. செயப்பாட்டு வினை முன்னொட்டானால் சேர்த்து எழுத வேண்டும், ‘டிமாக்லும்கான்’ போல. அடுத்தது ‘இயாலா’, ‘அடாலா’: பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘இயாலா’, பண்புச்சொல்லோ முன்னிடைச்சொல்லோ வந்தால் ‘அடாலா’. மூன்றாவது இரட்டைப் பன்மை. ‘பாரா பெகாவாய்-பெகாவாய்’ என்றால் ‘அதிகாரிகள்கள்’ என்று தமிழில் எழுதுவது போல. ஒன்று போதும். நான்காவது ‘டி மானா’. அது கேள்விச்சொல், இரண்டு வாக்கியத்தை ஒட்டும் பசை அல்ல. அங்கே முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியம் தொடங்கிவிடுங்கள்.

கடிதத்தின் உருவம் எல்லா இலாகாவுக்கும் ஒன்று. மேலே ‘ருஜூக்கான் காமி’, அதாவது நம் குறியெண். அதன் கடைசியில் அடைப்புக்குறிக்குள் வரும் எண், அந்தக் கடிதம் கோப்பில் எந்தக் கண்டுங்கான் என்பதைச் சொல்கிறது. அதை எழுதாமல் அனுப்பினால், பதில் வரும்போது எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று யாருக்கும் தெரியாது. பிறகு தேதி, பெறுநர், விளி, தடித்த எழுத்தில் தலைப்பு. முதல் பத்திக்கு எண் கிடையாது. இரண்டாம் பத்தி ‘2.’ என்று தொடங்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் பத்திக்கு ‘1.’ போட்டுவிடுவார்கள். திருத்தப்படும் கடிதங்களில் சிவப்பு மை முதலில் விழுவது அந்த ஒன்றின் மேல்தான்.

முடிவில் ‘பெர்கிட்மாட் உந்துக் நெகாரா’ என்ற முழக்கவரி, அதன் கீழ் கையொப்ப வாசகம். பழைய கடிதங்களில் ‘சாயா யாங் மெனுருட் பெரிந்தா’, கட்டளைக்குக் கீழ்ப்படிபவன், என்று பார்ப்பீர்கள். 2018இல் அது ‘சாயா யாங் மென்ஜாலான்கான் அமானா’, பொறுப்பை நிறைவேற்றுபவன், என்று மாறியது. கணினியில் கிடக்கும் பழைய மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களை இந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும். கையொப்பத்துக்குக் கீழே நகல் யாருக்கு என்பதை ‘எஸ்.கே.’ என்று குறித்து எழுதுங்கள். குறித்தால் மட்டும் போதாது, உண்மையில் அனுப்பவும் வேண்டும்.

பயிற்சிக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அலுவலகத்தில் நன்றாக எழுதுவார் என்று பெயரெடுத்த அதிகாரியின் கடிதங்களில், அனுமதி மறுக்கும் கடிதம் ஒன்று, ஆவணம் கேட்கும் கடிதம் ஒன்று, கூட்டத்துக்கு அழைக்கும் கடிதம் ஒன்று பார்த்து, கையால் எழுதிப் பழகுங்கள். பெயர், அடையாள அட்டை எண் எதையும் நோட்டில் எழுதாதீர்கள், அமைப்பை மட்டும்.

கூட்டக் குறிப்பு எழுதச் சொன்னால் எல்லாரும் பேசியதை எல்லாம் எழுதிவிடுகிறேன். பத்துப் பக்கம் வருகிறது.
— யோங் பெங்

தலைவர் உரை, சென்ற கூட்டக் குறிப்பை உறுதிப்படுத்துதல், அதிலிருந்து எழுந்தவை, இன்றைய பொருள்கள், இதர விஷயங்கள், முடிவு. இந்த வரிசையில் 1.1, 1.2 என்று எண்ணிடுங்கள். யார் என்ன பேசினார் என்பது வேண்டாம், என்ன முடிவாயிற்று என்பது வேண்டும். வலது ஓரத்தில் ‘திண்டாக்கான்’ (நடவடிக்கை) என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். யார் செய்ய வேண்டும் என்பதை அங்கே எழுதுங்கள். வெறும் தகவல் என்றால் ‘மாக்லுமான்’.

புரட்டாசி மாதத்தில் பயிற்சிக்கு அழைத்திருக்கிறார்கள். சைவம் கிடைக்குமா?
— பாலோ

வருகையை உறுதிப்படுத்தும் பாரத்தில் உணவு பற்றிய பகுதி இருந்தால் அங்கேயே எழுதுங்கள், இல்லையென்றால் ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் முட்டையும் நெத்திலியும் வரக்கூடும். முட்டை, மீன், பெலாச்சான் எதுவும் வேண்டாம் என்று விளக்கமாக எழுதுங்கள். சமையல் எடுத்தவர் தலையெண்ணி முன்கூட்டியே கொள்முதல் செய்கிறார். சாப்பாட்டு வரிசையில் நின்று சொன்னால் வெறும் சோறும் கீரையும்தான்.

கெடாவிலிருந்து குளுவாங் பயிற்சிக்கு வருகிறேன். அத்தை வீடு ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே தங்கிக்கொண்டு தங்கும் அலவன்ஸ் எடுக்கலாமா? போன தடவை பயணக் கோரிக்கை திரும்பி வந்துவிட்டது, காரணமும் புரியவில்லை.
— சுங்கை பட்டாணி வாசகர்

அத்தை வீட்டு மீன்குழம்பு ஒரு பக்கம் இருக்கட்டும். தங்கிப் படிக்கும் பயிற்சி என்றால் விடுதி இடம் உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கும். தங்குமிடம் தரப்பட்டிருக்கும்போது தங்கும் அலவன்ஸ் கேட்க முடியாது, தங்கினீர்களா இல்லையா என்பது வேறு. இரவு நேர நடவடிக்கைகளும் அதிகாலை உடற்பயிற்சியும் இருக்கலாம், வெளியே தங்கினால் வருகைப் பதிவில் ஓட்டை விழும். அத்தையைப் பார்க்க ஞாயிறு மாலையே வந்துவிடுங்கள்.

வார விடுமுறையிலும் கவனம். கெடாவில் வெள்ளி, சனி. ஜொகூர் 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. உங்கள் ஊரில் ஞாயிறு வேலைநாள் என்பதால், அன்று புறப்படுவது விடுப்பா கடமைப் பயணமா என்பதை அழைப்புக் கடிதத்தோடு உங்கள் இலாகாவிடம் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கோரிக்கை திரும்புவதற்கு அலுவலகங்களில் நாம் பார்க்கும் காரணம் பெரும்பாலும் சாப்பாடு. உணவு அலவன்ஸ் ஒரு நாளைக்கு முழுதாக எழுதப்பட்டிருக்கும், ஆனால் பயிற்சியில் மதியச் சாப்பாடு கொடுத்திருப்பார்கள். காலை 20 விழுக்காடு, மதியம் 40, இரவு 40 என்று பிரித்து, தரப்பட்ட வேளையைக் கழிக்க வேண்டும். மூன்று வேளையும் தந்தால் அந்த நாளுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அடுத்த காரணம் தேதி: பயணம் செய்த மாதத்துக்கு அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். மாதக் கடைசியில் பயிற்சி முடிந்து, சோர்வில் பத்து நாள் ஓடிவிடுவது எல்லாருக்கும் நடக்கிறது.

அழைப்புக் கடிதம், வருகைச் சான்று, ரயில் அல்லது பஸ் டிக்கெட், டோல் கணக்கு இவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். 2025 முதல் இ.டி.எஸ். மின்ரயில் குளுவாங்குக்கும் வருகிறது. கைப்பேசியில் வாங்கிய டிக்கெட் என்றால் பயணம் முடிந்த அன்றே அச்சிட்டு எடுங்கள். வெப்பத்தாளில் வரும் டோல் ரசீதை நகலெடுத்து மூலத்தோடு இணையுங்கள். காரின் டேஷ்போர்டில் ஒரு வாரம் கிடந்தால் அது வெள்ளைத் தாள்தான்.

இணையத்தில் படித்தாலும் பயிற்சிக் கணக்கில் சேருமா?
— நியோர்

இந்தான் நடத்தும் எப்சா தளத்தில் அரசு ஊழியர்கள் இணையவழிப் பாடங்களைப் படிக்கலாம். முடித்ததும் வரும் சான்றிதழை உடனே இறக்கி, பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியா என்று பாருங்கள். பாடத்தைத் திறந்து ஓடவிட்டு, கடைசிச் சோதனையைச் செய்யாமல் மூடினால் அது முடிந்ததாக ஏறாது. ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி என்பது 2005ஆம் ஆண்டு சர்குலர் வைத்த அளவு. உங்கள் இலாகா இந்த ஆண்டு எதை, எப்படி எண்ணுகிறது என்பதைப் பணியாளர் பிரிவில் ஜனவரியிலேயே கேளுங்கள். டிசம்பரில் கேட்டால் குறைகிற நாளை நிரப்ப வகுப்பும் இருக்காது, விடுப்பும் இருக்காது.